வலையமைப்பில் தற்போக்கு நடையும் பரவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க் சயின்ஸில் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களிடமிருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது, அதனால் பதில்களை ஒரே இடத்தில் போடுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். கீழே 'முனை' என்பது வலையமைப்பின் ஒரு புள்ளி, 'இணைப்பு' இரண்டு முனைகளைச் சேர்க்கும் கோடு, 'டிகிரி' ஒரு முனையிலிருந்து கிளம்பும் இணைப்புகளின் எண்ணிக்கை. சமன்பாடுகளை முடிந்தவரை தவிர்த்திருக்கிறேன், எண்களைத் தவிர்க்கவில்லை.

1. ரேண்டம் வாக்னா என்ன சார்? பூவா தலையா போட்டு நடக்கிறதா?

ஆமாம், தற்போக்கு நடை என்கிற ரேண்டம் வாக்கின் அடிப்படை அவ்வளவுதான். நேர்கோட்டில் நின்று காசைச் சுண்டுங்கள், தலை விழுந்தால் வலப்பக்கம் ஒரு அடி, பூ விழுந்தால் இடப்பக்கம் ஒரு அடி. வலையமைப்பில் இதுவே கொஞ்சம் விரிவாகிறது: நிற்கும் முனையிலிருந்து எத்தனை இணைப்புகள் கிளம்புகின்றனவோ அவற்றில் ஒன்றைச் சம வாய்ப்பில் எடுத்து அந்தப் பக்கம் போக வேண்டும். எந்த வழியாக வந்தோம் என்ற நினைவே கிடையாது, வந்த வழியே திரும்பிப் போனாலும் சரிதான்.

கார்ல் பியர்சன் 1905-ல் 'நேச்சர்' இதழுக்கு ஒரு சின்னக் கடிதமாக இந்தக் கேள்வியை அனுப்பினார். ஒலி அலைகள் தொடர்பாகத் தான் 1880-ல் போட்ட கணக்கும் இதுவும் ஒன்றுதான் என்று ராலே பிரபு உடனே பதில் எழுதினார். ராலேயின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 9-வது கேள்வியில் மறுபடி வருவார்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்: காலியான சதுரங்கப் பலகையில் ஒற்றைக் குதிரை. 64 கட்டங்களும் முனைகள், குதிரை தாவக்கூடிய இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஓர் இணைப்பு. மூலைக் கட்டத்தின் டிகிரி 2. நடுவில் இருக்கும் 16 கட்டங்களுக்கு 8. குதிரை ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் ஒரு தாவலைத் தேர்ந்தெடுக்கிறது.

2. கோட்டில் நடக்கிறதுக்கும் நெட்வொர்க்கில் நடக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒரே கணக்குதானே?

விதி ஒன்றுதான், விளைவு வேறு. கோட்டில் 100 அடி நடந்தால் கிளம்பிய இடத்திலிருந்து ஏறக்குறைய 10 அடி தூரத்தில்தான் இருப்பீர்கள், ஏனென்றால் இடதும் வலதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகின்றன. 100 அடி விலக வேண்டுமென்றால் 10,000 அடி நடக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முனையிலும் மூன்று இணைப்புகள் இருக்கும் முடிவில்லாத மரத்தில் நடந்து பாருங்கள்: வெளியே போக இரண்டு வழி, திரும்ப ஒரே வழி, ஆகவே 100 அடியில் சராசரியாக 33 அடிக்குமேல் விலகிவிடுவீர்கள். நடப்பவர் எந்தத் தந்திரமும் செய்யவில்லை, எல்லாம் வலையின் வடிவம் செய்த வேலை.

இன்னொன்று, திரும்பி வருவது. முடிவில்லாத கோட்டிலும், முடிவில்லாத சதுரக் கட்ட வலையிலும் நடப்பவர் என்றாவது கிளம்பிய இடத்துக்கு வந்தே தீருவார் என்றும், முப்பரிமாண வலையில் அப்படி உறுதியில்லை என்றும் ஜார்ஜ் போயா 1921-ல் நிரூபித்தார். முப்பரிமாணத்தில் திரும்பும் வாய்ப்பு சுமார் 34 சதவீதம்தான். நம் கையில் இருக்கும் வலையமைப்புகளுக்கோ எல்லை உண்டு, அவை துண்டுபடாமல் இருந்தால் திரும்பி வருவது நிச்சயம். ஆகவே 'வருவாரா' என்று கேட்பதில் அர்த்தமில்லை. எங்கே அதிக நேரம் கழிப்பார், எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருவார் என்ற இரண்டும்தான் கேட்க வேண்டியவை.

3. ரொம்ப நேரம் நடந்தா எல்லா முனையிலும் சமமாத்தானே இருக்கும்?

இல்லை. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். இருதிசை இணைப்புகள் கொண்ட, துண்டுபடாத வலையில் ஒரு முனையில் கழியும் நேரத்தின் பங்கு அதன் டிகிரிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். எல்லா டிகிரிகளையும் கூட்டிக்கொண்டு அதனால் வகுத்தால் போதும். குதிரைக்குக் கணக்குப் போடுவோம்: டிகிரி 2 உள்ள கட்டங்கள் 4, டிகிரி 3 உள்ளவை 8, டிகிரி 4 உள்ளவை 20, டிகிரி 6 உள்ளவை 16, டிகிரி 8 உள்ளவை 16. மொத்தம் 336. மூலையில் கழியும் பங்கு 336-ல் 2, நடுக் கட்டம் ஒவ்வொன்றிலும் 336-ல் 8.

ஏன் என்று பார்ப்பது கஷ்டமில்லை. மூலையில் 2/336 பங்கு இருக்கிறது, அது இரண்டு தாவல்களாகப் பிரிகிறது, ஒவ்வொன்றிலும் 1/336 போகிறது. நடுக் கட்டத்தின் 8/336 எட்டாகப் பிரிந்தாலும் அதே 1/336. எந்த இணைப்பை எடுத்தாலும் இரு திசையிலும் ஒரே அளவு ஓடுகிறது, வரவும் செலவும் சரியாகிவிடுகிறது. இப்படி அமைந்த பிறகு எதுவும் மாற இடமில்லை.

4. குதிரை மூலையிலிருந்து கிளம்பினா திரும்ப மூலைக்கு வர எத்தனை தாவல் ஆகும்?

சராசரியாக 168. முந்தைய பதிலின் பங்கைத் தலைகீழாக்கினால் போதும்: 336-ஐ 2-ஆல் வகுக்கிறோம். நடுக் கட்டத்துக்கு 336-ஐ 8-ஆல் வகுத்து 42. பலகையின் மீதிப் பகுதி எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பதே இந்த விடைக்குள் வராதது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஆனால் சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். மூலையிலிருந்து போகக்கூடிய இரண்டு கட்டங்களுக்கும் டிகிரி 6, ஆகவே இரண்டாவது தாவலிலேயே மூலைக்குத் திரும்பும் வாய்ப்பு ஆறில் ஒன்று. மீதி ஐந்து பங்குப் பயணங்களின் சராசரியைத் தனியாகப் பார்த்தால் 201-க்கு மேல் போகிறது. சில பயணங்கள் வாசலிலேயே முடிந்துவிடும், மற்றவை ஊரெல்லாம் சுற்றும். நிரல் எழுதிச் சரிபார்ப்பவர்கள் பத்து முறை ஓட்டிவிட்டு '168 வரவில்லை' என்று எழுதுகிறார்கள், பல ஆயிரம் முறை ஓட்டுங்கள்.

5. என் சிமுலேஷன்ல விடை நிக்கவே மாட்டேங்குது. ஒரு ஸ்டெப்ல பூஜ்யம், அடுத்த ஸ்டெப்ல பெரிய எண். புரோகிராம்ல தப்பா?

பெரும்பாலும் தப்பில்லை. குதிரை கறுப்புக் கட்டத்திலிருந்து வெள்ளைக்கும் வெள்ளையிலிருந்து கறுப்புக்கும் மட்டுமே தாவும். ஆகவே இரட்டைப்படை தாவல்களில் ஒரு நிறத்தில் மட்டும், ஒற்றைப்படையில் மற்ற நிறத்தில் மட்டும் இருக்கும். இப்படி இரண்டாகப் பிரிக்கக்கூடிய எந்த வலையிலும் இந்த ஊசலாட்டம் ஓயாது. நேரத்தின் சராசரியை எடுத்தால் 3-வது பதிலில் சொன்ன பங்கு சரியாகவே வரும், ஒரு குறிப்பிட்ட அடியின் நிகழ்தகவுதான் நிலைக்காது.

மருந்து எளிது: ஒவ்வொரு அடியிலும் பாதி வாய்ப்பில் நகராமல் நிற்கச் சொல்லுங்கள், சோம்பேறி நடை என்று இதற்குப் பெயர். நீண்டகாலப் பங்கு மாறாது, ஊசலாட்டம் போய்விடும், வேகம் மட்டும் பாதியாகும். வலையில் எங்காவது ஒரு முக்கோணம் இருந்தால் இதுவும் தேவையில்லை. குதிரைக்குப் பதில் ராஜாவை விட்டால் பிரச்சினையே வராது.

6. அப்போ டிகிரியை எண்ணினாலே விடை வந்துடுது. எதுக்கு நடந்துக்கிட்டு?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் குறைவு. நீண்டகாலப் பங்கு மட்டும் வேண்டுமென்றால் நடக்கவே வேண்டாம், டிகிரியை எண்ணிவிட்டுப் போகலாம். வலையின் வடிவம் தெரிவது, அந்த நிலைக்குப் போய்ச்சேர ஆகும் நேரத்தில்தான். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் சுவாரஸ்யம் எல்லாம் போய்ச்சேருவதற்கு முந்தைய அந்த இடைவெளியில் இருக்கிறது.

இரண்டு வலைகளை எடுத்துக்கொள்வோம், இரண்டிலும் 1000 முனைகள், எல்லா முனைக்கும் டிகிரி 3. முதலாவது, 500 முனைகள் கொண்ட இரண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நேர் எதிர் முனைகளை இணைத்தது. இரண்டாவது, டிகிரி 3 என்ற ஒரே நிபந்தனையோடு இணைப்புகளைக் குலுக்கல் முறையில் போட்டது. நீண்டகாலப் பங்கு இரண்டிலும் எல்லா முனைக்கும் ஆயிரத்தில் ஒன்று. டிகிரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் எங்கே கிளம்பினோம் என்ற தடயம் சுமார் மூன்றில் ஒரு பங்காகத் தேய, இரண்டாவது வலையில் ஏறக்குறைய 17 அடி போதும். முதலாவதில், ஒற்றை-இரட்டை ஊசலாட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், ஏறக்குறைய 19,000 அடி ஆகும். வளையத்தைச் சுற்றுவது கோட்டில் நடப்பது போலத்தான், முன்னும் பின்னும் அலைந்தே காலம் போய்விடும்.

7. எல்லாரும் ஐகன் மதிப்பு, ஸ்பெக்ட்ரல் கேப்ங்கறாங்க. அது இல்லாம புரியாதா?

புரியும், ஆனால் மேலே சொன்ன 17-ம் 19,000-மும் அங்கிருந்துதான் வந்தன. ஒவ்வொரு முனையிலிருந்தும் எங்கே எவ்வளவு வாய்ப்பில் போவோம் என்பதை ஓர் அணியாக, அதாவது எண் அட்டவணையாக, எழுதுங்கள். அந்த அணியால் பெருக்கும்போது சில எண் வரிசைகள் வடிவம் மாறாமல் அளவில் மட்டும் மாறும், அந்த வரிசை ஐகன் வெக்டார், அது எத்தனை மடங்காகிறது என்பது ஐகன் மதிப்பு. மிகப்பெரிய ஐகன் மதிப்பு எப்போதும் 1. அடுத்த மதிப்பு 1-க்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் கேப். குலுக்கல் வலையில் அந்த இரண்டாவது மதிப்பு ஏறக்குறைய 0.943. ஒவ்வொரு அடிக்கும் பழைய நினைவு 0.943-ஆல் பெருக்கப்படுவதால் 40 அடியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இரட்டை வளையத்தில் அதே மதிப்பு 1-க்கு ஒட்டி நிற்கிறது. கேப் சிறியது என்றால் வலையில் எங்கோ ஒரு குறுகிய கழுத்து, அதாவது பெரிய பகுதிகளைச் சில இணைப்புகள் மட்டுமே சேர்க்கும் இடம், இருக்கிறது என்று அர்த்தம்.

8. கம்யூனிட்டி கண்டுபிடிக்க ரேண்டம் வாக் எப்படி உதவும்?

கம்யூனிட்டி என்றால் தங்களுக்குள் நெருக்கமாக இணைந்த முனைகளின் கூட்டம். 7-வது பதிலில் சொன்ன கழுத்தை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறோம். வேய்ன் சாக்கரி 1977-ல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கராத்தே கிளப்பின் நட்பு வலையை வெளியிட்டார், 34 பேர், 78 இணைப்புகள். பயிற்சிக் கட்டணத் தகராறில் கிளப் இரண்டாக உடைந்தது, ஒரு பக்கம் பயிற்சியாளர், மறுபக்கம் தலைவர். தலைவரின் டிகிரி 17, பயிற்சியாளரின் டிகிரி 16. பயிற்சியாளரை மட்டுமே தெரிந்த ஒருவரும் வலையில் உண்டு. மொத்த டிகிரி 78-ன் இரட்டிப்பு, 156. 4-வது பதிலின் கணக்குப்படி தலைவரிடம் கிளம்பிய நடை சராசரியாக 9 அடியில் அவரிடமே திரும்பும், அந்த ஒற்றை இணைப்பு ஆளிடம் திரும்ப 156 அடி ஆகும்.

இந்த எண்கள் பிளவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பிளவு தெரிய, குட்டை நடைகளைப் பார்க்க வேண்டும்: மூன்று நான்கு அடிகளில் பயிற்சியாளர் பக்கம் கிளம்பியவர் பெரும்பாலும் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பார். ஒரே இடங்களுக்குப் போய்ச்சேரும் முனைகளை ஒன்றாகச் சேர்ப்பது 2005-ல் வந்த வாக்டிராப் முறை. நடையின் பாதையை மிகச் சுருக்கமாக எழுத எந்தப் பிரிவினை உதவும் என்று தேடுவது 2008-ல் வந்த இன்ஃபோமேப். நடை நீளத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். ஓரடி என்றால் அக்கம்பக்கம் மட்டும் தெரியும், ஆயிரம் அடி என்றால் 3-வது பதிலுக்கே திரும்பி வந்து டிகிரியைத்தான் பார்ப்பீர்கள்.

9. இங்கேர்ந்து அங்க போற நேரமும் அங்கேர்ந்து இங்க வர்ற நேரமும் ஒண்ணுதானே? இணைப்பு ரெண்டு பக்கமும் இருக்கே?

இல்லை. நடுவில் ஒரு முனை, சுற்றிலும் அதோடு மட்டும் இணைந்த 10 முனைகள் என்று ஒரு நட்சத்திர வலையை வரையுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வர ஒரே அடி. நடுவிலிருந்து ஒரு குறிப்பிட்ட ஓர முனைக்குப் போகச் சராசரியாக 19 அடி, ஏனென்றால் பத்தில் ஒன்பது முறை வேறு ஓரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

போக வர ஆகும் மொத்த நேரம் 20, இதற்கு மட்டும் அழகான ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பும் ஓர் ஓம் மின்தடை என்று வைத்து, இரண்டு முனைகளுக்கு நடுவிலான மின்தடையைக் கண்டுபிடித்து, மொத்த டிகிரியால் பெருக்கினால் போக-வர நேரம் வந்துவிடும். இங்கே மின்தடை 1, மொத்த டிகிரி 20. ஒரு கம்பியைச் சேர்த்தால் மின்தடை ஒருபோதும் கூடாது என்ற ராலேயின் பழைய விதியை வைத்தே டாயலும் ஸ்நெலும் 1984-ல் போயாவின் தேற்றத்தை மறுபடி நிரூபித்தார்கள். ஒரு பொறி இதில் உண்டு: இணைப்பைச் சேர்த்தால் மின்தடை குறைந்தாலும் மொத்த டிகிரி கூடுகிறது, ஆகவே நடை நேரம் கூடவும் செய்யலாம். 'குறுக்கு வழி போட்டேன், மெதுவாயிடுச்சு' என்பவர்களுக்குப் பதில் இதுதான்.

10. எல்லா முனையையும் ஒரு தடவையாவது பார்த்து முடிக்க எவ்வளவு ஆகும்?

100 முனைகளை எல்லோரும் எல்லோரோடும் இணைந்திருக்கும்படி வைத்தால் சராசரியாக 513 அடி. வரிசையாக ஒரே கோட்டில் வைத்து கோட்டின் ஒரு கோடியில் கிளம்பினால் 9801, அதாவது 99-இன் வர்க்கம். ஒரு பெரிய கும்பலிலிருந்து நீண்ட வால் தொங்கும் வலைதான் மிக மோசம், அதில் 1,48,000-ஐ நெருங்கலாம். வாலில் இரண்டடி வைப்பதற்குள் திரும்பக் கும்பலுக்குள் விழுந்துவிடுவதுதான் காரணம்.

11. டிஃப்யூஷன்னு சொல்றதும் இதேதானா? புத்தகத்துல லாப்லேசியன் வருது, முடிவுல எல்லாம் சமமாகுதுன்னு போட்டிருக்கு. நீங்க டிகிரிப்படின்னு சொன்னீங்க?

இரண்டும் சரி, ஏனென்றால் இரண்டு வேறு பரவல்கள் ஒரே பெயரில் திரிகின்றன. ஒரே ஆளுக்குப் பதில் கோடிக்கணக்கானவர்களை ஒன்றாக நடக்க விட்டால் கூட்டத்தின் அடர்த்தி மாறுவதைத்தான் பரவல் என்கிறோம். அவர்கள் எப்போது நகர்கிறார்கள் என்பதில்தான் பிரிவு. முதல் வகையில் ஒவ்வொரு முனையிலும் ஒரு மணி இருக்கிறது. மணி அடித்தால் அங்கிருப்பவர் ஏதோ ஓர் இணைப்பில் கிளம்புகிறார். இதில் முடிவு டிகிரிப்படி. இரண்டாம் வகையில் மணி ஒவ்வொரு இணைப்பிலும் இருக்கிறது. பத்து இணைப்புள்ள முனையில் பத்து மணிகள் அடிப்பதால் அங்கே வந்தவர்கள் பத்து மடங்கு வேகமாக வெளியேறுகிறார்கள், அதிகம் வருவதும் அதிகம் போவதும் சரிக்குச் சரியாகி எல்லா முனையிலும் சமமாகிவிடுகிறது. வெப்பம் பரவுவது இந்த இரண்டாம் வகை.

மூன்று முனைகளை வரிசையாகக் கோத்துப் பாருங்கள். முதல் வகையில் முடிவு கால், அரை, கால். இரண்டாம் வகையில் மூன்றிலும் மூன்றில் ஒரு பங்கு. டிகிரி அணியிலிருந்து இணைப்பு அணியைக் கழித்தால் வரும் சாதாரண லாப்லேசியன் இரண்டாம் வகைக்கு உரியது. நெட்வொர்க்எக்ஸ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் லாப்லேசியன் கேட்டால் இதுதான் வரும். நார்மலைஸ்டு லாப்லேசியன் கேட்டால் சமச்சீர் வடிவம் ஒன்று வரும், அதன் ஐகன் மதிப்புகள் முதல் வகையோடு ஒத்துப்போகும், ஐகன் வெக்டார்கள் ஒத்துப்போகாது, டிகிரியின் வர்க்கமூலத்தால் சரிசெய்ய வேண்டும். ப்ராஜெக்ட் அறிக்கைகளில் நான் பார்க்கும் பிழைகளில் இதுதான் முதலிடம்.

12. வதந்தி பரவுறது, வைரஸ் பரவுறது எல்லாம் ரேண்டம் வாக்தானே?

இல்லை. நடப்பவர் ஒரு முனையை விட்டுப் போனால் அங்கே இருக்க மாட்டார், மொத்த எண்ணிக்கை மாறாது. வதந்தியைச் சொன்னவருக்கு அது மறந்துபோவதில்லை, இருவரிடமும் இருக்கிறது. ஆகவே பரவினால் கொழுந்துவிட்டுப் பெருகும், இல்லையென்றால் அணைந்துவிடும், நடுவில் ஒரு வாசல் அளவு உண்டு. சிலருக்கு மட்டும் மிகப்பெரிய டிகிரி இருக்கும் வலைகளில், வலை பெரிதாகப் பெரிதாக அந்த வாசல் அளவு பூஜ்யத்தை நோக்கிப் போகிறது என்று பாஸ்டர்-சடோரஸும் வெஸ்பிஞானியும் 2001-ல் காட்டினார்கள். நாலு பேர் சொன்னால்தான் நம்புவேன் என்கிற வகைப் பரவல் இன்னும் வேறு, அங்கே தூரத்து இணைப்புகள் உதவாமலே போகலாம்.

ரேண்டம் வாக் இதில் வரும் ஓர் இடம், ஊர் விட்டு ஊர் போகும் மனிதர்கள். அவர்கள் நடக்கிறார்கள், வைரஸ் அவர்களுக்குள் பெருகுகிறது.

13. என் நெட்வொர்க்ல பேஜ்ரேங்க் போட்டேன், கிட்டத்தட்ட டிகிரி வரிசையே வந்துடுச்சு. தப்பா?

வலை இருதிசை வலையாக இருந்தால் அப்படித்தான் வரும், காரணம் 3-வது பதிலில் இருக்கிறது. பேஜ்ரேங்க் என்பது இணையப் பக்கங்களை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த, கூகுளைத் தொடங்கிய பிரினும் பேஜும் 1998-ல் வெளியிட்ட முறை, அது ஒருதிசை இணைப்புகளுக்கானது. ஒரு பக்கம் இன்னொன்றுக்குச் சுட்டி கொடுத்தால் அந்தப் பக்கம் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அப்போது வரவு-செலவு இணைப்புக்கு இணைப்பு சரியாகாது, முக்கியமான பக்கத்திலிருந்து வரும் ஒரு சுட்டி நூறு உதவாக்கரைச் சுட்டிகளை மிஞ்சும்.

ஒருதிசை வலையில் நடப்பவர் வெளியேற வழியில்லாத மூலையில் மாட்டிக்கொள்ளவும் கூடும். அதற்காகத்தான் 0.85 வாய்ப்பில் சுட்டியைத் தொடர்ந்து போ, 0.15 வாய்ப்பில் எங்காவது குதி என்ற விதி. சராசரியாக ஆறேழு அடிக்கு ஒரு குதி. அந்தக் குதியால்தான் இருதிசை வலையிலும் டிகிரி வரிசை அச்சு அசலாக வராமல் கொஞ்சம் விலகுகிறது.

14. பெரிய சோஷியல் நெட்வொர்க்ல நடந்து நடந்து சாம்பிள் எடுத்தேன். சராசரி டிகிரி நிஜத்தைவிட அதிகமா வருதே?

வரத்தான் செய்யும். குதிரைப் பலகையின் உண்மையான சராசரி டிகிரி 336-ஐ 64-ஆல் வகுத்து 5.25. ஆனால் குதிரை போகும் கட்டங்களின் டிகிரியைக் குறித்துக்கொண்டே வந்தால் 5.98-க்குப் பக்கத்தில் வரும், அதிக டிகிரிக் கட்டங்களில் அதிக நேரம் கழிப்பதால். நம் நண்பர்களுக்கு நம்மைவிடச் சராசரியாக நண்பர்கள் அதிகம் என்று ஸ்காட் ஃபெல்ட் 1991-ல் எழுதியதும் இதே கணக்குதான்.

சரிசெய்ய இரண்டு வழி. ஒவ்வொரு வருகைக்கும் டிகிரியின் தலைகீழ் எடை கொடுத்துச் சராசரி எடுங்கள், 5.25 திரும்ப வரும். அல்லது 1953-ன் மெட்ரோபோலிஸ் முறைப்படி, பெரிய டிகிரி முனைக்குப் போக வேண்டிவரும்போது இரண்டு டிகிரிகளின் விகிதத்தில் சில முறை மறுத்து நின்ற இடத்திலேயே நில்லுங்கள். எனக்கு முதல் வழி பிடிக்கும், எடுத்த அடி எதுவும் வீணாகாது.

15. எத்தனை அடி நடந்தா போதும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சின்ன வலை என்றால் 7-வது பதிலின் கேப்பை நேரடியாகக் கணக்கிடுங்கள். பெரிய வலையில் அது முடியாது என்றால், பல இடங்களிலிருந்து தனித்தனி நடைகளை ஓட்டி, அவற்றின் விடைகள் ஒன்றாகும்வரை நடக்க வேண்டும். ஒரே நடையைப் பார்த்து 'நிலைச்சுடுச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு கும்பலுக்குள் மாட்டிக்கொண்ட நடையும் உள்ளேயே அழகாக நிலைத்துத்தான் இருக்கும், வெளியே இன்னொரு கும்பல் இருப்பது அதற்குத் தெரியாது. அதேபோல எல்லா நடைகளையும் ஒரே கும்பலில் ஆரம்பித்தால் அவை தங்களுக்குள் ஒத்துப்போகும், மொத்தமாகத் தவறாக இருக்கும். கராத்தே கிளப் என்றால் ஒன்றைப் பயிற்சியாளரிடமும் ஒன்றைத் தலைவரிடமும் தொடங்குங்கள். வலையைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது, கிடைத்த முனைகளில் ஒன்றுக்கொன்று மிகத் தூரமானவற்றைத் தேர்ந்தெடுத்து ஆரம்பிப்பது நல்லது. அதற்குப் பிறகும் ஒரு கழுத்து கண்ணில் படாமல் ஒளிந்திருக்க இடமுண்டு, ஆகவே அறிக்கையில் எங்கே தொடங்கினீர்கள், எத்தனை அடி நடந்தீர்கள் என்பதை எழுதிவிடுங்கள்.